கயிற்றின் மேல் வைத்த கால்

எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. நான் காரியக்காரர் மேல் நாயை ஏவிவிட்டுத்தான் அந்த ஆறு மா நிலத்தைப் பிடித்துக்கொண்டேன் என்று. டீக்கடையில் சொல்வார்கள், கல்யாணப் பந்தியில் சொல்வார்கள், என் மில்லுக்கு நெல் அரைக்க வந்துவிட்டு என் முதுகுக்குப் பின்னாலேயே சொல்வார்கள். சொல்கிறவன் சொல்லட்டும். அந்த நாய் செத்த நாள் வரைக்கும் ஒரு ஆளைக் கடித்தது கிடையாது. ஒரு ஆளைப் பார்த்து உறுமியதுகூடக் கிடையாது. எனக்கு இருந்த தொல்லையே அதுதான்.

நான் மூணாவதோடு நின்றவன். வாத்தியார் நிறுத்தவில்லை. பண்ணையில் மாடு மேய்க்க ஆள் குறைந்தது, என்னை எடுத்துக்கொண்டார்கள். எழுத்துக் கூட்டி எழுதுவேன், அவ்வளவுதான். என் மகள் தஞ்சாவூரில் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். இதில் எழுத்துப் பிழையை அவள் திருத்துவாள். வேறு எதிலும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "கொஞ்சம் அடக்கமா எழுதுங்கப்பா" என்றாள். அடங்கிக் கிடந்த காலத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, இனிமேல் எதற்கு?

அப்போது கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது. கரை வேட்டிக்காரர்கள் கடைத்தெருவில் மேடை போட்டு, எவனும் எவனுக்கும் தாழ்ந்தவன் இல்லை என்று பேசுவார்கள். கேட்க உடம்பு சிலிர்க்கும். கூட்டம் கலைந்து வரப்பில் நடந்து வீட்டுக்கு வந்தால் பண்ணை அதே பண்ணை. இன்னொரு பக்கம் செங்கொடிக்காரர்கள் கூலி உயர்த்திக் கேட்டுச் சங்கம் கட்டினார்கள். பண்ணைகள் வெளியூர் ஆளை இறக்கி அறுப்பார்கள், உள்ளூர் ஆள் மறிப்பார்கள், போலீஸ் வண்டி வரும். தை பிறந்தால் இதுவும் பிறக்கும்.

எங்கள் பண்ணைக்காரர் மன்னார்குடியில் பங்களா கட்டி இருந்தார். ஊரில் அவர் இடத்தில் நின்றவர் காரியக்காரர். வெள்ளை வேட்டி, கறுப்புக் குடை, வாய் நிறைய வெற்றிலை. நிலம் அவருடையது இல்லை, ஆனால் நிலத்துக்கு அவர் போட்டதுதான் உத்தரவு. பண்ணையில் தண்ணீர் தேங்கிக் கிடந்த ஆறு மா பள்ளத்தை, அதாவது இரண்டு ஏக்கரை, எவனும் சீண்டவில்லை. நான் போய் குத்தகைக்குக் கேட்டேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். வாய்ப்பேச்சுக் குத்தகைதான். நானும் என் பெண்சாதியும் மண்வெட்டியோடு இறங்கி வடிகால் வெட்டினோம். எந்தப் படித்த இன்ஜினீயரும் வந்து மட்டம் பார்க்கவில்லை, தண்ணீர் போகும் போக்கைக் கண்ணால் பார்த்தே வெட்டினேன். அடுத்த சம்பாவில் அந்தப் பள்ளம் பண்ணையின் மேட்டு நிலத்தைவிடக் கூட விளைந்தது. அதோடு அவர்கள் சிரிப்பு நின்றது.

அந்தச் சமயம் பார்த்துக் குத்தகைக்காரன் பெயரைச் சர்க்கார் பதிவில் ஏற்றும் சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் அவனைச் சும்மா இறக்கிவிட முடியாது. அதிகாரி அறுப்புச் சமயத்தில் எங்கள் ஊருக்கு விசாரணைக்கு வருவார் என்று சேதி வந்தது. வந்தால் என்ன கேட்பார்? இந்த வயலை யார் அறுத்தது என்று கேட்பார். பண்ணை ஆள் அறுத்திருந்தால் பண்ணையின் சொந்தச் சாகுபடி, நான் வெறும் கூலி. நான் அறுத்திருந்தால் நான் குத்தகைக்காரன். ஊர் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தது, காரியக்காரரும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார். அந்தச் சம்பாப் பயிரில் முதல் அரிவாள் யாருடையது என்பதில்தான் என் பிழைப்பு நின்றது. நானோ பகலெல்லாம் வேறு வயல்களில் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். வயலுக்கு ஒரு காவல் வேண்டும் என்று நினைத்தேன். அப்படி வந்ததுதான் நாய்.

பண்ணைக்காரருக்கு ஆவணியில் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். விறகு பிளக்க, அண்டா தூக்க என்று எங்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். (பின்னாளில் எனக்கும் அதே கோயிலில் அறுபது நடந்தது. மேளம் அவருக்கு வந்ததைவிடப் பெரிய மேளம். தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன்.) சாப்பாடு முடிந்து ஓய்ந்திருந்த நேரம், பக்கத்தில்தானே கடல் என்று நடந்து போனேன். கரையில் மீன் ஏலம். ஒரு குட்டி நாய், செம்பட்டை நிறம், ஏலம் போடுகிறவர் காலையும் நக்குகிறது, எடுக்கிறவர் காலையும் நக்குகிறது, புதிதாக வந்த என் காலடியில் வந்து மல்லாந்து படுக்கிறது. கூடையில் மீன் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்தாள்.

"தூக்கிட்டுப் போறதுன்னா போங்கண்ணே. ஆனா காவலுக்கு ஆவாது. வலைய இழுத்துக்கிட்டு வர்றவன் எல்லாம் இதுக்கு மாமன்தான்."

"நான் ஆக்கிக்கிறேன்."

"ஆக்குவீங்க, ஆக்குவீங்க. போறப்ப கருவாடு வாங்கிட்டுப் போங்க, வேற எதுக்கும் மசியாது."

திரும்பி வருகையில் லாரி டீக்குடிக்க நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த காரியக்காரர் இறங்கி வந்தார். நான் மடியில் வைத்திருந்த குட்டியைப் பார்த்தார், விசேஷத்துப் பூந்தியில் ஒரு பிடி எடுத்து ஊட்டினார். குட்டி அவர் விரலெல்லாம் நக்கியது.

"பரவாயில்லடா, உன்னைவிட மரியாத தெரிஞ்சதா இருக்கு" என்றார். லாரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நானும் அப்படித்தான் இருந்தேன்.

வீட்டில் என் பெண்சாதி இரண்டே நாளில் அதற்குப் பெயர் வைத்துவிட்டாள். "காவலுக்கு ஆளு கொண்டாரேன்னு போயி, புது மாப்பிள்ளையல்ல கொண்டாந்திருக்கீங்க? விடிஞ்சா வீடு வீடாப் போயி சௌக்கியமான்னு கேட்டுட்டு வருது." அதிலிருந்து அது மாப்பிள்ளைதான். நான் வரப்பில் நின்று "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டால் பக்கத்து வயல்காரனும் "என்ன மச்சான்?" என்று நிமிர்ந்து பார்ப்பான். அவன் எனக்கு மாப்பிள்ளை முறை. என்னைப் போல அவனும் குத்தகைக்காரன்தான், ஆனால் என்னைப் போல நெஞ்சு கிடையாது.

மார்கழிக்குள் குட்டி நீண்டு வளர்ந்துவிட்டது. கால் நீளம், வாய் நீளம், பார்க்க ஓநாய் மாதிரி. குணம் மட்டும் மீன் ஏலத்திலேயே நின்றுவிட்டது. ஆளைக் கண்டால் பாய்ந்து போய் நெஞ்சில் முன்காலை வைத்து முகத்தை நக்கும். கதிர் பால் பிடிக்கிற நேரம், நான் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் பண்ணை ஆட்கள் நாலைந்து பேர் விளைச்சலை மதிப்புப் போட வயலுக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையை வாமடையில், அதாவது வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வாயில், முளையடித்துக் கட்டியிருந்தேன். அது முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, வந்தவர்களுக்கு முன்னால் வரப்பு வரப்பாகப் போயிருக்கிறது. அவர்கள் நின்றால் நின்று, நடந்தால் நடந்து. போகிறபோது ஒரு கைப்பிடிக் கதிரை அறுத்துக்கொண்டு போனார்கள்.

பக்கத்து வயல்காரன் எனக்காகவே காத்திருந்து சொன்னான். "மச்சான், உன் நாய் இல்லன்னா அவங்க வழி தெரியாம தவிச்சிருப்பாங்க. நல்லா சுத்திக் காட்டுச்சு. அந்தக் கோடி மூலை வரைக்கும்."

"நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"நான் என்னா நாயா, குலைக்கிறதுக்கு?"

அன்றைக்குத் தெருவே ஆளுக்கொரு யோசனை சொன்னது. மிளகாய்ப் புகை போடு என்றான் ஒருவன். பட்டினி போடு என்றான் இன்னொருவன். பக்கத்து வயல்காரன் சொன்னதுதான் எல்லாருக்கும் பிடித்தது. "இருட்டுக் கொட்டாயில கட்டிப் போடு. தெரியாத ஆளவிட்டு நாலு சாத்து சாத்தச் சொல்லு. ஒரு வாரம். அப்புறம் பாரு, வேத்தாளக் கண்டா பிடுங்கும்."

என்னைப் பண்ணையின் மாட்டுக் கொட்டிலில் கட்டி வைத்து அடித்திருக்கிறார்கள். மாடு பயிரில் வாய் வைத்தது என்பது குற்றம். அடி வாங்கி நான் வீரன் ஆகவில்லை. செருப்புச் சத்தம் கேட்டால் குறுகுகிறவனாகத்தான் ஆனேன். அடி என்ன செய்யும் என்று இவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். "அடிச்சு ஆக்குற வேல என் வாசல்ல நடக்காது" என்றேன். "அப்ப நெல்லு உன் வாசலுக்கு வராது" என்றான் அவன். பார்ப்போம் என்றேன்.

உழவுக்குக் கன்று பழக்குவதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஓட்டிக்கொண்டு வருவார்கள். நுகத்தடியில் புதிதாகப் பூட்டிய கன்று திமிறினால் நான் சாட்டையை எடுக்க மாட்டேன். அப்படியே நின்றுவிடுவேன். அது அடங்கி நின்றால் நடப்பேன். கொஞ்ச நேரத்தில் அதற்கே புரிந்துவிடும், திமிறினால் காரியம் ஆகாது, நின்றால் ஆகும் என்று. மாட்டுக்குப் புரிவது நாய்க்குப் புரியாதா? அதற்கு வேண்டியது பூந்தியும் இல்லை, கருவாடும் இல்லை. மனுஷன் கை தலையில் படவேண்டும், அவ்வளவுதான். அந்தக் கை எப்போது கிடைக்கும் என்பதை நான் முடிவு செய்வது என்று எண்ணினேன்.

கழுத்தில் ஒரு கயிறு. கயிற்றின் நடுவில் என் கால். நாய் நிற்கலாம், உட்காரலாம், பாய மட்டும் முடியாது. வருகிறவர் அதைத் தொடக் கூடாது, கொஞ்சக் கூடாது, திட்டவும் கூடாது. முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அது பின்பக்கத்தைத் தரையில் வைத்த உடனே நான் மடியிலிருந்து கருவாட்டுத் தலையில் ஒரு துண்டு கொடுப்பேன், "ம்" என்பேன், அவர் திரும்பித் தடவலாம். எழுந்து குதித்தால் மறுபடி முதுகு. என் மடி நாறிப்போனது. பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நல்லதுதான், தாராளமாகக் காலை நீட்டிக்கொண்டு போனேன்.

நாயைவிட ஆட்களைப் பழக்குவதுதான் பாடாக இருந்தது. தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டார், "ஏன்யா, உன் நாயத் தொடணும்னா நான் மனுப் போடணுமா?"

"மனு வேணாங்க. அது குந்துற வரைக்கும் முதுகக் காட்டிக்கிட்டு நில்லுங்க."

"சர்க்கார் ஊழியரு முதுகக் காட்டணும்."

"சர்க்கார் எப்பவும் எங்களுக்கு அதத்தானே காட்டுது, புதுசா என்ன?"

அவர் சிரித்துக்கொண்டே திரும்பி நின்றார். நல்ல மனிதர். பிறகு தபால் இல்லாத நாளிலும் வந்து முதுகைக் காட்டிவிட்டுப் போவார். வளையல்காரியைத்தான் திருத்த முடியவில்லை. "என் தங்கம், உன்னக் கட்டியா போட்டிருக்காங்க" என்று தூரத்திலிருந்தே கூவிக்கொண்டு வருவாள். அது குதிக்கும், இவளும் கூடக் குதிப்பாள். கடைசியில் அவள் வருகிற நாளில் நாயை ஆற்றங்கரைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டியதாயிற்று. ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், சங்கத்துக்கு அரிசி தண்ட வந்தவர்கள், மாட்டுத் தரகர், ஒருவரையும் விடவில்லை. கொடி எந்த நிறமானாலும் என் வாசலில் முதுகைக் காட்டிவிட்டுத்தான் பேச வேண்டும். ஊர் கூடிச் சிரித்தது. சிரிக்கச் சிரிக்க நாய் உட்காரக் கற்றுக்கொண்டது. ஆள் வருவது தெரிந்தால் ஒரே ஒரு குரைப்பு, பிறகு பின்பக்கத்தைத் தரையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். வால் மட்டும் மண்ணைப் பெருக்கிக்கொண்டிருக்கும். அதை நான் தடுக்கவில்லை. வால் அதனுடைய சொந்தச் சொத்து.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் எதுவும் நடக்கவில்லை. காரியக்காரர் அந்த மாசத்தில் அடிக்கடி எங்கள் வரப்புப் பக்கம் வந்தார். மடியில் ஒரு பன் வைத்திருப்பார். "வாடா மாப்பிள்ள" என்று நாக்கைச் சொடுக்குவார். அவ்வளவுதான், நாய் தரையோடு தரையாகத் தவழ்ந்து போய் அவர் காலடியில் மல்லாந்துவிடும். தபால்காரரிடம் கல்லாக உட்கார்ந்த நாய் இவரிடம் புழுவாகிவிடும். அவர் அதன் வயிற்றைக் குடை நுனியால் வருடிக்கொண்டே என்னிடம் பேசுவார்.

"கதிர் நல்லா முத்திடுச்சுடா. இந்த வருஷம் நீ கஷ்டப்பட வேணாம். நாங்களே அறுத்துக்கிறோம். உனக்கு உண்டானத அளந்துடுறோம்."

"ஐயா…" என்பேன். அதற்கு மேல் வராது.

பன்தான் காரணம் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய பன் வாங்கி வந்து பழக்கிப் பார்த்தேன். கருவாட்டைக் கூட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. நாய் என் பிடியிலிருந்து நழுவிவிட்டது போலத் தோன்றியது. அப்போது ஒருநாள் காரியக்காரர் வந்துவிட்டுப் போனதும், நாற்றங்கால் ஓரம் புல் அறுத்துக்கொண்டிருந்த என் பெண்சாதி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"நாய் சரியாத்தான் இருக்கு. கயித்த யாரு விட்டது?"

"நான் எங்க விட்டேன்?"

"நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அவரு குடை தெரிஞ்ச ஒடனே நீங்க செருப்பக் கழட்டுறீங்க. செருப்பக் கழட்டணும்னா கால எடுக்கணும். கால எடுத்தா கயிறு போச்சு. தோள்ல கெடக்குற துண்ட எடுத்து இடுப்புல கட்டணும், கும்புடணும், அதுக்கு ரெண்டு கையும் வேணும். கயித்தப் புடிக்க மூணாவது கைக்கு எங்க போவீங்க?"

அவள் விடவில்லை.

"நீங்க குனியுறீங்க, அது படுக்குது. அதுக்கு என்ன தெரியும், இவரு வந்தா இப்படித்தான் போலன்னு நெனைக்குது."

இதைப் படிக்கிறவர்கள் நான் தலைகுனிந்து நின்றேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? அந்தக் கூனல் நான் போட்டுக்கொண்டது இல்லை. என் அப்பனுக்கும் அவன் அப்பனுக்கும் அடித்துப் பழக்கி, எங்களுக்கு நடையோடு சேர்ந்து வந்தது அது. காலில் செருப்போடு பண்ணை ஆள் முன்னால் நின்றால் அந்தச் செருப்பைத் தலையில் சுமக்க வைத்த காலம் எனக்குத் தெரியும். வெட்கமெல்லாம் அந்தக் கூனலை வைத்தவர்களுக்கு. எனக்கு வந்தது ஆத்திரம். மேடையில் பேசினவர்கள் எல்லாரும் நிமிர்ந்து நில் என்றார்கள். எந்தக் காலை எங்கே வைப்பது என்று எவனும் சொல்லவில்லை. அதை ஒரு புல்லறுக்கிறவள் சொன்னாள், அவள் என் பெண்சாதி. என்னைக் கட்டிக்கொண்டவள் வேறு எப்படி இருப்பாள்?

மறுநாளே பழக்கம் தொடங்கியது, நாய்க்கும் எனக்கும் சேர்த்து. என் வெள்ளை வேட்டியை அவள் சேலைக்கு மேல் சுற்றிக்கொண்டாள். பக்கத்து வயல்காரன் வீட்டிலிருந்து ஒரு குடை இரவல். வாயில் வெற்றிலை. வாய்க்கால் கரையில் தூரத்தில் போய் நின்று, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள்.

"என்னடா, சௌக்கியமா இருக்கியாடா?" என்றாள், அவர் குரலிலேயே, மூக்கால்.

எதிரில் நிற்பது என் பெண்சாதி என்று எனக்குத் தெரியும். அப்படியும் என் வலது கால் தானாக மேலே போனது. செருப்பு பாதி கழன்றுவிட்டது. நாய் பாய்ந்தது. அவள் கரையில் உட்கார்ந்து சிரித்தாள், வேட்டியெல்லாம் வெற்றிலைச் சாறு.

"சிரிக்காத. திரும்பப் போயி நடந்து வா."

"நாலு தடவ வந்துட்டேண்டா, குனிய மாட்டியாடா?"

"டா போடாதடி."

"பாத்தீங்களா, என்னைய டா போடாதன்னு சொல்லத் தெரியுது."

அறுப்புக்கு நாள் நெருங்க நெருங்க விடிந்ததும் இதுதான் வேலை. பக்கத்து வயல்காரன் வரப்பில் குந்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பான். பிறகு அவனே எழுந்து வந்து குடையை வாங்கிக்கொண்டு காரியக்காரராக நடந்தான். அவன் அவள் அளவுக்கு நன்றாகச் செய்யவில்லை, வாயில் மரியாதை தங்கிவிட்டது. ஆனால் நடந்து முடித்ததும் அவன் துண்டும் தோளிலேயே கிடந்ததைக் கவனித்தேன். கடைசியில் என் கால் கயிற்றின் மேலேயே நின்றது. துண்டு தோளில் நின்றது. குடையைப் பார்த்தும் நாய் உட்கார்ந்தது. நான் நிமிர்ந்து நின்றால் அது உட்காருகிறது. இவ்வளவுதான் கணக்கு, இதற்குப் போய் நான் எவ்வளவு கருவாட்டை வீணாக்கினேன்.

தை பிறந்து பொங்கல் பானை காய்வதற்குள் வந்துவிட்டார்கள். காலை வெயில் ஏறுகிற நேரம். டிராக்டரில் வெளியூர் ஆட்கள், பெண்கள்தான் அதிகம், கையில் கருக்கரிவாள். முன்னால் காரியக்காரர் குடையோடு. மாப்பிள்ளை ஒரு குரைப்புக் குரைத்துச் சேதி சொன்னது. நான் வாமடைக்குப் போனேன். வயலுக்குள் இறங்க அது ஒன்றுதான் அகலமான வழி. காலில் செருப்பு, தோளில் துண்டு, கயிற்றின் மேல் கால். என் பெண்சாதி எனக்குப் பின்னால் அரிவாளோடு நின்றாள். அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன், இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தெருவுக்கு ஆள் அனுப்பிவிட வேண்டும் என்று. பக்கத்து வயல்காரன் ஓடினான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

காரியக்காரர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "என்னடா, துண்டு தோளுக்கு ஏறிடுச்சு?"

"துண்டுக்கு எடம் அதுதாங்க."

வாயில் இருந்த மரியாதையை நான் எடுக்கவில்லை. முதுகில் இருந்ததைத்தான் எடுத்தேன். கால் அசையவில்லை.

"தள்ளி நில்லு. ஆளுங்க எறங்கட்டும்."

"இது என் பயிருங்க. நான்தான் அறுப்பேன். உங்களுக்குச் சேர வேண்டியத களத்துல வந்து அளந்துக்குங்க."

அவர் மடியிலிருந்து பன்னை எடுத்தார். இந்த மாதிரி நேரத்துக்குத்தான் அவர் அத்தனை நாள் ஊட்டி வளர்த்திருக்கிறார். நாக்கைச் சொடுக்கினார். "வாடா மாப்பிள்ள."

நாயின் உடம்பெல்லாம் நடுங்கியது. முனகியது. அவரைப் பார்த்தது, பன்னைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நான் அந்த நேரத்தில் ஒரு காரியம் செய்தேன். இதை யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் யோசித்துத்தான் செய்தேன். காலைக் கயிற்றிலிருந்து எடுத்தேன். செருப்பைக் கழற்றுவதற்கு இல்லை, சும்மா எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எல்லாரும் பார்க்கும்படி. நாய் உட்கார்ந்தபடியே இருந்தது.

அவ்வளவு பெரிய நாய், வாய் திறந்து, பல் தெரிய, குரைக்காமல், கட்டில்லாமல், வழி நடுவில் உட்கார்ந்து வருகிறவர்களையே பார்த்தால் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியும், அது யாராவது முதுகைக் காட்டிவிட்டுப் பிறகு தடவ மாட்டார்களா என்று காத்திருந்தது. வந்தவர்களுக்கு அது தெரியாதே. அறுக்க வந்த பெண்கள் டிராக்டரை ஒட்டி நின்றுவிட்டார்கள். அவர்களில் வயதான ஒரு அம்மா மட்டும் முன்னால் வந்தாள்.

"ஏம்ப்பா, கடிக்குமா?"

"கேட்டுட்டு எறங்குனா ஒண்ணும் செய்யாதுக்கா. கேக்காம எறங்குனா என்ன செய்யும்னு எனக்கே தெரியாது." பொய் இல்லை. அதுவரை யாரும் அப்படி இறங்கிப் பார்க்கவில்லை.

"இது யாரு நட்ட பயிரு?"

"நானும் இவளும் நட்டது. வடிகால் வெட்டுனதும் நாங்கதான்."

அவள் காரியக்காரர் பக்கம் திரும்பினாள். "பண்ணையோட சொந்தப் பயிருன்னுதானே சொல்லிக் கூட்டியாந்தீங்க?"

"பண்ணை நெலந்தான். எறங்கு."

"நெலத்தக் கேக்கல. பயிரக் கேட்டேன்."

"கூலிக்கு வந்தவளுக்கு எதுக்குடி இந்த ஞாயம்?"

அந்த "டி" இருக்கிறதே, அது அவருக்கே வேலை வைத்துவிட்டது. அந்த அம்மா அரிவாளை இடுப்பில் செருகினாள். "எங்க ஊர்லயும் இப்படித்தான் எங்க பயிர்ல வேத்தாள எறக்குனாங்க. நான் மாட்டேன். எங்களக் கொண்டுபோயி விட்ருங்க." மற்ற பெண்கள் டிராக்டரில் ஏறினார்கள். நான் மாப்பிள்ளையைப் பார்த்து "போ" என்றேன். அது அம்பு மாதிரிப் போய், அந்த அம்மா முன்னால் பின்பக்கத்தைத் தரையில் அடித்து உட்கார்ந்தது. அவள் முதலில் பதறினாள், பிறகு சிரித்தாள், பிறகு தலையைத் தடவினாள். "இதுக்கா பயந்தோம்" என்றாள். டிராக்டரில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு காரியக்காரருக்குப் பொறுக்கவில்லை. குடையை மடக்கினார், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தானே வாமடைக்குள் கால் வைக்க வந்தார். அந்த அம்மாவிடமிருந்து நாய் திரும்பி ஓடி வந்து, அவருக்கும் வயலுக்கும் நடுவில் உட்கார்ந்தது. அவர் நின்றார். அது பன்னுக்காக வந்ததா, எனக்காக வந்ததா என்று எனக்குத் தெரியாது. வாலை ஆட்டியது என்கிறான் பக்கத்து வயல்காரன், ஆட்டவில்லை என்கிறாள் என் பெண்சாதி. அவன் அப்போது தெருவுக்குப் போயிருந்தான், அவன் பேச்சை நம்ப வேண்டாம். அவர் பன்னை அதன் முன்னால் போட்டார். நாய் என்னைப் பார்த்தது. நான் "ம்" சொல்லவில்லை. பன் சேற்றில் கிடந்து ஊறியது. அவர் காலை எடுத்தார். கடி எங்கே நடந்தது? ஏவியது எங்கே? சொல்லுங்கள்.

டிராக்டர் திரும்புவதற்குள் எங்கள் தெரு மொத்தமும் வரப்பில் வந்து நின்றது. நான் என் பெண்சாதி கையிலிருந்து அரிவாளை வாங்கினேன். பிறகு திருப்பி அவளிடமே கொடுத்தேன். முதல் பிடியை அவள்தான் அறுத்தாள். பொழுது சாய்வதற்குள் ஆறு மாவும் தாள் தெரிந்தது, கட்டெல்லாம் களத்துமேடு ஏறியது.

அதிகாரி வந்தார். யார் அறுத்தது என்று கேட்டார். ஊர் என்னைக் காட்டியது. பெயர் ஏறியது, கைநாட்டு வைக்கவில்லை, எழுத்துக் கூட்டி நானே கையெழுத்துப் போட்டேன். அந்த ஆறு மாவிலிருந்துதான் எல்லாம் வந்தது, மில்லும், மாடி வீடும், மகள் படிப்பும். எவன் கொடுத்ததும் இல்லை.

பண்ணைக்குச் சேர வேண்டிய குத்தகை நெல்லை நான் ஒரு மரக்கால் குறைக்கவில்லை. அடித்துத் தூற்றிக் குவித்த பிறகு சொல்லி அனுப்பினேன். காரியக்காரர் உச்சி வெயிலில் வந்தார். களத்தில் நான் நெல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளை ஒரு குரைப்புக் குரைத்துவிட்டு என் காலடியில் உட்கார்ந்தது. அவர் தள்ளியே நின்றார்.

"நாயப் புடி" என்றார். அந்தத் தடவை "டா" இல்லை.

"அது உக்காந்துதாங்க இருக்கு. நீங்களும் உக்காருங்க. அளந்து முடிய நேரமாவும்."

எனக்கு எதிரில் இன்னொரு மூட்டை இருந்தது. எங்கள் தெரு ஆள் எதிரில் அவர் ஒருநாளும் சமமாக உட்கார்ந்தது கிடையாது. மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். நிழல் எங்கும் இல்லை. என் பெண்சாதி மரக்காலைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். வெயில் ஏறியது. அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் அளக்கச் சொன்னேன்.